பதினைந்தாவது கதிரை

நான் பிரெஞ்சு படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். "மாப்பிள்ளை பிரான்சிலையோ?" இல்லை என்றால், "அப்ப விசாவுக்கோ?" அதுவும் இல்லை என்றால் கேட்டவர் ஒரு மாதிரிச் சிரிப்பார். பெட்டை எதையோ ஒளிக்கிறாள் என்று அர்த்தம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்கப் போகிறேன் என்ற உண்மையை நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவே அதை அரைவாசிதான் நம்பினார்.

என் பெயர் யதுர்ஷிகா. சொந்த இடம் கண்டாவளை. தெற்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு ஆசிரியராவதற்கான பட்டப்படிப்பில் கடைசி வருடம். கடைசி வருடத்தில் எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம், ஒரு பாடசாலைக்குப் போய்ப் படிப்பிக்க வேண்டும். முடிவில் விரிவுரையாளர் வந்து பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்துப் புள்ளி போடுவார். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் கொழும்பில் பெரிய பாடசாலைகளுக்குப் போனார்கள். அங்கே பிரெஞ்சுக்கென்றே தனி அறை உண்டு, குளிரூட்டியும் உண்டு. நான் எங்கள் கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சி வேண்டும் என்று கேட்டேன்.

எங்கள் விரிவுரையாளரை நாங்கள் மடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிங்களவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என்னுடைய சிங்களமோ பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடிக்கக்கூடக் காணாது. ஆகவே நானும் அவரும் நான்கு வருடமாகப் பிரெஞ்சிலேயே கதைத்து, பிரெஞ்சிலேயே கோபித்து, பிரெஞ்சிலேயே சமாதானமாகிறோம். வட்டக்கச்சி என்றதும் மடம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்.

"வருகிறேன்," என்றார். "ஆனால் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். பதினான்கு என்றால் அது ரியூசன், வகுப்பு இல்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ அடுத்த வருடம் கொழும்பில் முதலிலிருந்து தொடங்குவாய்."

அது எங்கள் பீடத்தின் விதி. மடம் விதியை மாற்றுகிற ஆள் இல்லை.

வட்டக்கச்சிப் பாடசாலை அதிபர் மயில்வாகனம் சேர் நல்ல மனிதர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பிரிந்து போகும் நேரத்தை எனக்குத் தந்தார். "சங்கீதத்துக்குச் சரிவராத தொண்டையள் உங்களிட்டை வரட்டும் பிள்ளை," என்றார். சரியாகப் பதினைந்து தொண்டைகள் வந்தன. ஒன்றுகூட மேலதிகமில்லை. எட்டுக் கிழமையும் யாருக்காவது காய்ச்சல் வந்தால் எனக்கும் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் பிள்ளைகளின் கூச்சம் போகட்டும் என்று ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்குப் பிரான்சிலை ஆர் இருக்கினம்?" ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்கிற அதே கேள்வி, நான் வெறுக்கிற அதே கேள்வி. கஜனிக்குப் பெரியப்பா குடும்பம். தர்சனுக்கு மாமா, அவர் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சிவகரனுக்கு நாலு சித்தப்பாமார், அதில் ஒருவருக்கு வெள்ளைக்கார மனைவி. அவன் அதை எழுந்து நின்று சொன்னான். கடைசி வாங்கில் இருந்த ரஜிதாவின் முறை வந்தது.

"ஒருத்தரும் இல்லை மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள். "பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு நான் பாடத்தைத் தொடங்கினேன். பரவாயில்லையாம்! அவள் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டது போலவும் நான் மன்னித்தது போலவும். இப்போது நினைத்தால் நாக்கைக் கடிக்கத் தோன்றுகிறது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வகுப்பு நன்றாகவே போனது. ரஜிதா அதிகம் பேசமாட்டாள். ஆனால் மற்றவர்கள் கரும்பலகையில் இருந்து எழுதுகிற நேரம் அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உச்சரிப்பு அப்படித்தான் பிடிபடும். சிவகரன் சித்தப்பாமாரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வருகிற பிரெஞ்சைவிட அவளுடையது சுத்தமாக இருந்தது.

கடைசிக் கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மடம் வருகிறார். என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மூளை வேலை செய்தால்தான் எனக்கு ஆபத்து. பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விடயம் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தை மட்டும் நம்பாதே; பாடத்துக்காக எழுதப்படாத அசல் எழுத்தை, ஒரு பஸ் பற்றுச்சீட்டை, ஒரு மருந்துப் பெட்டியை, வகுப்புக்குக் கொண்டு போ. கொழும்பில் அதற்குத் தூதரகம் வரை அலைகிறார்கள். வன்னியில் அலையத் தேவையில்லையே! வீட்டுக்கு வீடு பிரான்சுப் பார்சல் வருகிறது. திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன். "புதன்கிழமை எல்லாரும் வீட்டிலை இருக்கிற ஒரு பிரான்சுச் சாமான் கொண்டு வாங்கோ. அதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிப்பம்."

என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை வகுப்பு ஒரு கடை மாதிரி ஆனது. தர்சன் ஒரு தகரப்பேணி கொண்டு வந்தான். இரண்டு வருடமாக அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அம்மாவின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். உள்ளே என்ன என்று தெரியாததால் ஒருவரும் திறக்கவில்லை. வாசித்துப் பார்த்தோம், ஏதோ ஒரு காய், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. "இவ்வளவுதானோ மிஸ்?" என்று அவன் மனம் உடைந்து போனான். சிவகரன் சித்தப்பாவின் பழைய ரயில் பயணச்சீட்டு கொண்டு வந்தான். கஜனி கொண்டு வந்தது ஒரு பெரிய ஷாம்பூப் போத்தல். அதன் மேலே ஒரு பூ அடையாளம். அவளுடைய அம்மா பத்மாசனி மூன்று மாதமாக அதைத்தான் தலைக்குப் போடுகிறாராம்.

வாங்கிப் பார்த்தேன். அது பூ இல்லை. நாயின் பாதம்.

நான் சொல்ல முன்னரே முன்வாங்கில் இருந்தவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார்கள். நீண்ட உரோமம் உள்ள நாய்களுக்கு! வகுப்பு கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. கஜனி முகத்தை மூடிக்கொண்டாள். "மிஸ், அம்மாவுக்குச் சொல்லட்டோ, விடட்டோ?"

சொல்லத்தான் சொன்னேன். அடுத்த நாள் காலை பத்மாசனி அக்கா பாடசாலை வாசலில் என்னைப் பிடித்தார். "தங்கச்சி, நாய்க்கெண்டாலும் சரி, பேய்க்கெண்டாலும் சரி, எனக்குத் தலைமயிர் கொட்டுறது நிண்டிட்டுது. நான் விடமாட்டன்," என்றார். உண்மையிலேயே தலை மினுங்கியது.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் கடைசி வாங்கு வெறுமையாக இருந்ததைக் கவனித்தேன். ரஜிதா வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமையும் வகுப்புக்கு வரவில்லை. ஆனால் பாடசாலைக்கு வந்திருந்தாள். சங்கீத அறையைக் கடந்து போகும்போது சரளி வரிசை பாடுகிற கூட்டத்தில் அவளைக் கண்டேன். வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் பிடித்தேன். "என்ன ரஜிதா, என்ரை வகுப்பு இஞ்சாலையெல்லோ?"

"நான் சங்கீதத்துக்கு மாறிட்டன் மிஸ். வகுப்பு டீச்சர் வரவு இடாப்பிலையும் மாத்திப்போட்டா."

"ஏன்?"

"எனக்கு உந்தப் பாடம் சரிவராது."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நாளை மடம் வருகிறார், இன்றைக்கு மாறுகிறாளாம்! ஏன் மாறினாள் என்று யோசிக்க எனக்கு மத்தியானம் வரை பிடித்தது. சோற்றுப் பார்சலை அவிழ்த்து முதல் வாய் வைக்கும்போதுதான் மண்டையில் அடித்தது போல விளங்கியது. வீட்டில் இருக்கிற பிரான்சுச் சாமான். எந்த வீட்டில்? பார்சலைத் திரும்பக் கட்டினேன்.

பின்னேரம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். மனம் திருந்தித்தான் போனேன் என்று சொன்னால் பொய். பதினைந்தாவது தலை எனக்கு வேண்டும், அதற்காகவும்தான் போனேன்.

வாய்க்கால் கரையோடு போய் இரண்டாவது ஒழுங்கை. முற்றத்துக் கொட்டிலில் ரஜிதாவின் தாய் ராக்காயி பெரிய தாச்சியில் மணலைச் சூடாக்கிக் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். கிளிநொச்சி பஸ் நிலையத்தில் கச்சான் விற்பவர் என்று அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நானே வாங்கித் தின்றிருக்கிறேன். ரஜிதா சாக்கில் குந்தியிருந்து, வறுத்த கச்சானைச் சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு, மெழுகுதிரி நெருப்பில் பையின் வாயைக் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைச் சுட்டுக்கொண்டாள்.

"வாங்க டீச்சர், வாங்க," என்று ராக்காயி அக்கா கதிரை எடுத்துப் போட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா?"

"இல்லை அக்கா, பிழை நான்தான் விட்டனான்."

அவர் அகப்பையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிள்ளையின் வீட்டுக்கு வந்து பிழை என்னுடையது என்று சொல்லும் ஆசிரியரை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். நானும் கண்டதில்லை.

"என்னான்னு எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறா டீச்சர். திங்கக்கெழம வந்து ஊட்டுல பிரான்ஸ் சாமான் இருக்கான்னு கேட்டா. நமக்கு யாருடி இருக்கா அங்க? எங்கப்பா எழுபத்தேழு கலவரத்துல மாத்தளையில இருந்து என்னயக் கைப்புள்ளயாத் தூக்கிட்டு இங்க வந்தாரு. சொந்தம்னா மாத்தளை, அட்டன், அம்புட்டுதான். அதச் சொன்னேன். அதுக்குப் பொறகு பேச்சே இல்ல."

ரஜிதா தலையை நிமிர்த்தினாள். "பிரான்சிலை ஆக்கள் இருக்கிற பிள்ளையளுக்குத்தான் மிஸ் உந்தப் பாடம். நீங்களும் முதல் நாளே அதைத்தானே கேட்டனீங்கள்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை. குரல்கூட உயரவில்லை. எனக்கு முகம் எரிந்தது. வெட்கம், வேறொன்றுமில்லை.

"என்ரை வீட்டிலை ஒரு சவர்க்காரப் பெட்டி இருக்கு, பிரான்சிலையிருந்து பெரியம்மா அனுப்பினது. அதைத் தரட்டோ?" என்று கேட்டேன். கேட்டதும் எவ்வளவு மடத்தனம் என்று தெரிந்தது.

"அது உங்கட வீட்டுச் சாமான் மிஸ்."

அடுத்த பையை ஒட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "நீங்கள் ஏன் மிஸ் பிரெஞ்சு படிச்சனீங்கள்? பெரியம்மாட்டைப் போகவோ?"

இந்தக் கேள்விக்கு நான் ஊரில் யாருக்கும் சரியான பதில் சொன்னதில்லை. அவளுக்குச் சொன்னேன். முதல் வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எனக்குச் சிங்களம் தெரியாது. ஆங்கிலம் கதைத்தால் கொழும்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எந்த வகுப்பில் வாயைத் திறந்தாலும் நான் பின்னால்தான் நின்றேன். பிரெஞ்சு வகுப்பில் மட்டும் முதல் நாள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. "சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, கார்க்காரன்ரை மகள், நான், எல்லாரும் ஒரே நாளிலை ஊமையள். அது எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்ததெண்டு சொல்ல ஏலாது. அதுக்காகத்தான் படிச்சனான். அந்த வகுப்பை இஞ்சை கொண்டு வரத்தான் ஆசைப்பட்டனான். கொண்டு வந்து, ஆருக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்டுப் பழுதாக்கிப்போட்டன்."

ரஜிதா சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்டும் சொல்ல வேணும். நாளைக்குப் பதினைஞ்சு பேர் இல்லாட்டி எனக்கு ஒரு வருசம் போகும். அதுக்காகவும்தான் வந்தனான். ஆனா அதுக்காக நீ வர வேண்டாம். உனக்கு விருப்பமெண்டா வா, வெறுங்கையோடை வா."

எழுந்து ஸ்கூட்டி வரை போய்விட்டேன். பின்னால் குரல் கேட்டது.

"மிஸ், சாமான்களிலை இருக்கிற உந்த எழுத்தெல்லாம் ஆர் எழுதுறது?"

"சாமானைச் செய்யிறவை," என்றேன்.

வெள்ளிக்கிழமை மடத்தின் வான் புழுதியோடு வந்து நின்றது. அதிபர் மாலை போட்டார். கஜனி நாய் ஷாம்பூவோடும் தர்சன் தகரப்பேணியோடும் தயாராக இருந்தார்கள். மடம் கடைசி வாங்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து கண்ணாலேயே எண்ணினார். பதினான்கு. பக்கத்தில் பதினைந்தாவதாக நான் போட்டு வைத்த வெறும் கதிரையையும் பார்த்தார். பாடத்தைத் தொடங்கினேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். வாசலில் ரஜிதா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "மன்னியுங்கோ மிஸ், உள்ளே வரலாமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வா என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சாமானைக் காட்டிச் சொன்னார்கள்: இது என்ன, யார் செய்தது, எங்கே செய்தது. கஜனி நாய் ஷாம்பூவையும் அம்மாவின் தலையையும் பிரெஞ்சில் விளக்கியபோது மடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ரஜிதா எழுந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே எழுந்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு கச்சான் பக்கற்றை எடுத்தாள். பொலித்தீனுக்குள் கச்சானோடு கொப்பித்தாளில் வெட்டிய ஒரு துண்டு. நீல மையில் குண்டு குண்டான எழுத்து. அவள் வாசித்தாள்.

"கச்சான். மணலில் வறுத்தது. செய்தவர் ராக்காயி. செய்த இடம் வட்டக்கச்சி. காய்ந்த இடத்தில் வைக்கவும். நாய்களுக்கு அல்ல."

எல்லாம் பிரெஞ்சில். இரண்டு இடத்தில் பிழை இருந்தது. என் உயிர் போனாலும் நான் அதைத் திருத்தியிருக்க மாட்டேன். பிள்ளைகள் மேசையில் தட்டத் தொடங்கினார்கள். பதினான்கு பேர் வேறு யாரோ எழுதியதை வாசித்தார்கள். எழுதிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

பாடம் முடிந்து அதிபரின் அறையில் தேநீரும் வடையும் வந்தன. நான் பிரெஞ்சில் எழுதி வைத்த வரவு இடாப்பை மடம் விரித்து வைத்திருந்தார். விரல் ரஜிதாவின் பெயரில் நின்றது.

"நல்ல பாடம்," என்றார் பிரெஞ்சில். "நான் பார்த்தவற்றில் நல்லவற்றில் ஒன்று. ஆனால் பதினான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன்."

"பதினைந்து பேர் இருந்தார்கள் மடம்."

"இந்தப் பிள்ளை நேற்றுச் சங்கீதத்துக்கு மாறியதாக இருக்கிறது. புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை. இன்று பத்து நிமிடம் பிந்தி வந்தாள். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், யதுர்ஷிகா. கதிரையை நிரப்பப் பக்கத்து வகுப்பில் பிள்ளைகளை இரவல் வாங்குவார்கள். ஒரு தடவை சமையல்காரரின் மகளையே இருத்தியிருந்தார்கள். நீ அவளைப் போய்க் கூப்பிட்டாயா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதிபருக்குப் பிரெஞ்சு விளங்காது, வடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நேற்று அந்த முற்றத்தில் இருந்துவிட்டு வந்து பொய் சொல்ல வரவில்லை.

"கூப்பிட்டேன். வீட்டுக்குப் போனேன். அவள் என்னால்தான் போனாள், நான் விட்ட பிழையால். ஆனால் அந்தத் துண்டை எழுதச் சொல்லி நான் சொல்லவில்லை."

"நம்புகிறேன்," என்றார் மடம். "அழகான வேலை. ஆனால் அது இன்று எங்களுக்குக் காட்ட எழுதியது. நான் போனதும் அவள் திரும்பிச் சங்கீதத்துக்குப் போகமாட்டாள் என்று உன்னால் சொல்ல முடியுமா?"

என்னால் முடியவில்லை. எனக்கே தெரியாதே. புள்ளிப் படிவம் கையெழுத்தில்லாமல் பைக்குள் போனது. மடம் பாவம், முகம் வாடித்தான் இருந்தார். நான் அழவில்லை, வடையைத் தின்றேன். ஒரு வருடம் போய்விட்டது என்று ஒவ்வொரு கடிக்கும் நினைத்துக்கொண்டேன்.

ஏ9 வீதிக்குப் போகும் பாதையைக் காட்ட நானும் வானில் ஏறினேன். கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் சாரதி வானை நிறுத்தினார். தெற்குக்குப் போய்ச் சேர நெடுநேரம் ஆகும், நித்திரை வராமல் கொறிக்க ஏதாவது வேண்டும் என்று இறங்கிப் போனவர் இரண்டு கச்சான் பக்கற்றோடு வந்தார். ஒன்றை மடத்திடம் நீட்டினார்.

மடம் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சாரதியின் கையில் இருந்ததையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டார். இரண்டிலும் நீல மை.

நான் வானைவிட்டுக் குதித்து ஓடினேன். பரந்தன் பஸ் நிற்கும் இடத்தில் ராக்காயி அக்கா தன் தட்டோடு நின்றார். தட்டில் ஏழெட்டுப் பக்கற்றுகள்தான் மிச்சம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. மடமும் என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன அக்கா இது? எல்லாத்திலையும் இருக்கு!"

"ராவு பூராம் எழுதுனா டீச்சர். நாப்பது துண்டு. ஒட்டுன பையெல்லாம் பிச்சுட்டு மறுபடி ஒட்டுனோம். காலையில பெட்டியத் தூக்கியாந்து என்னய பஸ்சுல ஏத்திவிட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் ஓடுனா. நேரமாயிருச்சுன்னு அழுதா." ராக்காயி அக்கா குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு என்னான்னே தெரியல, சனம் பிச்சுக்கிட்டு வாங்குது. ஒருத்தர் கேக்குறாரு, இது பிரான்சுல இருந்து வந்த கச்சானான்னு. நான் இல்லைன்னு சொல்லச் சொல்ல அஞ்சு பக்கற்று வாங்கிட்டுப் போறாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வன்னிச் சனமே, உங்களை என்ன செய்வது!

நான் மடத்துக்கு எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு பள்ளிக்கூடப் பெட்டை பஸ்சுக்கு ஓடுகிற நடுவில் ஒரு பக்கற்று வாங்கி, அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள். மடம் அவள் பஸ்சில் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்து, என் முதுகை மேசையாக்கினார். பேனை அழுத்துவது முதுகில் தெரிந்தது. பதினான்கின் நான்கை வெட்டி ஐந்து போட்டார். பக்கத்தில் சின்னக் கையொப்பம், கீழே பெரிய கையொப்பம்.

"இரவல் பிள்ளை நாற்பது துண்டு எழுதாது," என்றார்.

வாயில் வந்த நன்றியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ராக்காயி அக்கா என் கையைத் தொட்டார். அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தட்டில் இருந்து ஒரு பக்கற்றை எடுத்து, துண்டு தெரியும் பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

"இதுல என்னாங்க எழுதியிருக்கு? எத்தன வாட்டி கேட்டுட்டேன், அவ சிரிக்குறாளே ஒழிய சொல்ல மாட்டேங்குறா."

நான் வாங்கி முதலில் பிரெஞ்சில் வாசித்தேன். நடுவில் தன் பெயர் காதில் விழுந்ததும் அவர் கண்ணை உயர்த்தினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"செய்தவர் ராக்காயி எண்டு எழுதியிருக்கு அக்கா."

பஸ் ஒன்று வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். அவர் மிச்சமிருந்த பக்கற்றுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, எழுத்து மேலே தெரியும்படி அடுக்கிவிட்டுக் கூவத் தொடங்கினார்.